ஏற்காட்டில் இருந்தபடி மின்வாசிப்பானில் தினமும் செய்தி படிக்க இலவச வழி உண்டா?

இணையம் விட்டுவிட்டுக் கிடைக்கும் எஸ்டேட் வீட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் காலிபர் என்னும் கட்டற்ற மென்பொருளே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. கோவித் கோயல் 2006-இல் எழுதத் தொடங்கிய இம்மென்பொருள், நாளிதழ்த் தளங்களின் ஆர்எஸ்எஸ் ஓடைகளை (ஒரு தளத்தின் புதிய கட்டுரைகளைத் தொகுத்துத் தரும் இணையப் பட்டியல்களை) படித்து, கட்டுரைகளை இறக்கி, பொருளடக்கத்துடன் இபப் (EPUB) என்னும் மின்னூல் வடிவில் ஒரே நூலாகக் கட்டித் தருகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு தளத்துக்கும், அதன் செய்திகளை எப்படி இறக்குவது என்று சொல்லும் 'ரெசிபி' ஒன்று பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டுள்ளது. நீங்கள் விரும்பும் தமிழ்த் தளம் பட்டியலில் இல்லையெனில், அதன் ஓடை முகவரியை இட்டு நீங்களே ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். அப்போது, இயல்பாக 7 நாள் வரையிலான செய்திகளைச் சேர்க்கும் அமைப்பை 1 நாளாகக் குறைத்துவிடுங்கள்; நினைவில் வைக்க வேண்டிய முக்கியமான மாற்றம் இதுவே. செய்திகளைத் தினமும் தானாக இறக்க நீங்கள் குறித்துவைக்கும் நேரத்தில் கணினி இயங்கிக்கொண்டும் காலிபர் திறந்தும் இருக்க வேண்டுமாதலால், இணைப்புச் சீராக உள்ள வேளையைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் யூஎஸ்பி கம்பி வழியாக ஏற்றினால், வாசிப்பானுக்கு இணையமே தேவைப்படாது.