காப்பின் உள்பக்கம் 'பெகே' என்றிருந்தால் போதுமா?

கேள்வி: மகனைப் பார்க்க அரிசோனா போயிருந்தபோது டர்க்காய்ஸ் கல் பதித்த வெள்ளிக் காப்பு ஒன்றை 340 டாலருக்கு வாங்கினேன். உள்பக்கம் 'பெகே', 'ஸ்டெர்லிங்' (92.5% வெள்ளி) என்று அடித்திருக்கிறது. மூன்று தலைமுறையாக வெள்ளி வேலை செய்யும் நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடிக் குடும்பம் என்றார் கடைக்காரர். சான்றிதழும் தந்தார். நம்பலாமா?

பதில்: காப்பு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் சொன்னதில் எதுவுமே அதற்கு அத்தாட்சி ஆகாது.

நம் ஊர்த் தங்கத்தின் ஹால்மார்க்கை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். அது அரசின் தர முத்திரை. நவாஹோ முத்திரையோ பட்டறைக்காரர் தானே போட்டுக்கொள்ளும் கையெழுத்து. எங்கும் பதிய வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு பேர் ஒரே எழுத்தை அடித்தாலும் கேட்க நாதியில்லை.

அடுத்து, பெயர். 'அவன் மகன்' என்று பொருள்படும் நவாஹோ சொல்லிலிருந்து வந்ததுதான் 'பெகே'. இன்று அந்தப் பெயரில் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். நவாஹோக்களுக்குக் குலமோ தாய்வழி, இந்தப் பெயர்வழி அல்ல. இரண்டு பெகேக்கள் உறவாக இருக்கவேண்டும் என்றே இல்லை. கென்னத் பெகே என்று பெரிய கலைஞர் ஒருவர் இருந்தார். அந்த நிழலில் எத்தனை கடைகள் பிழைக்கின்றன! சான்றிதழா? பிரின்டர் இருந்தால் நானும் தருவேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும்: முத்திரை இல்லாததாலேயே போலி ஆகிவிடாது. நவாஹோக்களில் முதல் வெள்ளிப் பத்தர் என்று சொல்லப்படும் அட்சிடி சானி காலத்தில் யாரும் பெயர் அடிக்கவில்லை. 1930களுக்கு முன் அது அபூர்வம். அன்றைக்கு நாணயங்களை உருக்கித் தட்டியதால் 'ஸ்டெர்லிங்' முத்திரையும் இருக்காது. ஆகவே நூறு வருடப் பழசு என்று காட்டும் சரக்கில் 'ஸ்டெர்லிங்' இருந்தால், அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். பழங்குடியினர் அந்தக் காலத்தில் அடகு வைத்து மீட்காமல் விட்டது என்று சொல்லி, 'பழைய அடகு நகை' எனத் தரகர்கள் கூவுவதற்கும் காரணம் உண்டு. பழங்குடியினர் செய்தது என்று பொய் சொல்லி விற்பதைத் தடுக்கும் 1990ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் 1935க்குப் பிறகு செய்த பொருளுக்குத்தான் பொருந்தும்; அதற்கு முந்தியது என்றால் சட்டம் தொடாது.

அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கே ஐந்து வருடம்வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர்வரை அபராதம். படிக்க நன்றாக இருக்கிறது. பிலிப்பைன்ஸில் செய்த நகையைப் பழங்குடியினர் வேலை என்று விற்ற, அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரக் கடைக்காரருக்கு 2018இல் கிடைத்தது ஆறு மாதம்!

இப்போது செய்யவேண்டியது: பத்து மடங்கு லென்ஸில் உள்பக்கத்தைப் பாருங்கள். கையால் சுத்தியலில் அடித்த முத்திரை ஒரு பக்கம் ஆழமாக, மறுபக்கம் மேலாக இருக்கும். விளிம்பு கூர்மையாகத் தெரியும். முத்திரையோடு சேர்த்து அச்சில் வார்த்தது என்றால் எழுத்து மழுங்கி, நுண்ணிய குழிகளோடு இருக்கும். பிறகு கடைக்கு எழுதி, செய்தவரின் முழுப்பெயர், அவர் எந்தப் பழங்குடியில் பதிவானவர், கல் இயற்கையானதா, பிசின் ஏற்றியதா, தூள் கட்டியதா என்ற மூன்றையும் ரசீதிலேயே போட்டு அனுப்பச் சொல்லுங்கள். 'நவாஹோ ஸ்டைல்' என்று எழுதி வந்தால், நவாஹோ செய்தது என்று அவர்களே சொல்லவில்லை என்று அர்த்தம்; காப்பைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.