வாசகர் கேள்விகள்: பூஞ்சணச் சுவர், பால் பல், ஒரு பதினொரு வயது மகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதியில் பிள்ளையின் வயது இல்லை. எந்த நாடு என்றும் இல்லை. நோர்வேயில் ஒரு சட்டம், சுவிஸில் இன்னொன்று. இவை தெரியாமல் நான் என்ன பதில் எழுதுவது? வயதையும் நாட்டையும் எழுதுங்கள்.

எங்களுடையது கவுன்சில் (உள்ளூராட்சி சபை) வாடகைக்குக் கொடுத்த வீடு. படுக்கையறைச் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். இரண்டு வயது மகனுக்கு இரவில் இழுப்பு. ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். (ஈஸ்ட்ஹாம்)

தங்கச்சி, மகனை முதலில் ஜீ.பி.யிடம் (குடும்ப வைத்தியரிடம்) காட்டுங்கள், நாளைக்கே. ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது வீட்டுப் பூஞ்சணத்தால்தான். அவனுக்கும் இரண்டு வயது. அவனுடைய பெற்றோரும் முறையிட்டுக் களைத்தவர்கள். அவன் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் கவுன்சில் வீடு போன்ற சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் வீட்டைக் கொடுத்தவர்கள் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்கவேண்டும். அவசரமென்றால் 24 மணி நேரம். படம் எடுத்து, தேதி போட்டு, மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. அவர்கள் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதட்டும். எழுத்தில், பிரதி வைத்துக்கொண்டு.

பால் பல் விழத்தானே போகிறது, சொத்தைக்கு ஏன் வைத்தியம்? (ஹரோ)

இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதற்கு முதற் காரணமே பற்சொத்தைதான். மயக்கமருந்து கொடுத்துப் பிடுங்குகிறார்கள். வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகளுக்கே இது அதிகம். படுக்கையில் பால் போத்தல் வேண்டாம். என்.எச்.எஸ். (அரச சுகாதார சேவை) பல் வைத்தியம் 18 வயது வரை இலவசம். இடம் கிடைப்பதுதான் பாடு, நாலைந்து இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

வெயிலில் விளையாடும் பிள்ளைக்கு வைட்டமின் டி எதற்கு? (குரொய்டன். வயது எழுதவில்லை!)

அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை பிரித்தானிய வெயில் இதற்குப் போதாது. 1 முதல் 4 வயது என்றால் தினம் 10 மைக்ரோகிராம், ஆண்டு முழுவதும். நம் தோல் நிறத்துக்குப் பெரியவர்களும் ஆண்டு முழுவதும் எடுப்பது நல்லது.

என் 11 வயது மகள் நொர்ஸ்க் (நோர்வே மொழி) நன்றாகப் பேசுவாள். மாமியாரை வைத்தியரிடம் காட்டப் போகும்போது அவளைத்தான் கூட்டிப்போகிறோம். ஒருநாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் குறையா? (ஒஸ்லோ)

பள்ளிக்கூடத்தை விடுங்கள். அந்த அறையில் அவள் எதைக் கேட்கவேண்டி வரும் என்று நினைத்தீர்களா?

பல ஆண்டுகளுக்கு முன் என் வைத்திய அறைக்கு ஒரு தாய் வந்தார். கூட வந்த மகனுக்குப் பத்து வயது, பள்ளிக்கூட டை கட்டியிருந்தான். "அம்மாவுக்கு வயிற்றுவலி" என்றான். அம்மா தமிழில் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது: மூன்று மாதமாக இரத்தம் போகிறது. அவன் அதைச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு டை நுனியைச் சுருட்டினான். தாயின் முகம் சிவந்துபோயிருந்தது. எனக்குத் தமிழ் தெரிந்ததால் தப்பியது. அடுத்த அறையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே போயிருந்தால் வயிற்றுவலிக் குளிசையோடு வீடு திரும்பியிருப்பார்.

நோர்வேயில் 2022 ஜனவரி 1 முதல் மொழிபெயர்ப்பாளர் சட்டம் இருக்கிறது. உயிர் ஆபத்து போன்ற அவசரம் தவிரப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது. ஆளை ஒழுங்குசெய்வது வைத்தியசாலையின் கடமை, செலவும் அவர்களுடையது. சந்திப்பு எடுக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லி, எழுத்திலும் கேளுங்கள். இங்கிலாந்திலும் இலவசம். ஜெர்மனியில் அரச காப்புறுதி இதற்குப் பணம் கொடுப்பதில்லை. மொழி தெரியாத தாய்க்கு அங்கே பாதி வைத்தியம்தான் கிடைக்கிறது. மற்றப் பாதியைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம். இருபது வருடமாக இதைத்தான் கத்துகிறேன். மகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

மனைவி கர்ப்பம். 2500 பிராங் பிரான்சீஸ் (காப்புறுதி கொடுக்கத் தொடங்குமுன் ஆண்டுதோறும் நாமே கட்டவேண்டிய தொகை) போட்டிருப்பதால் வைத்தியரிடம் போகப் பயமாயிருக்கிறது. (சூரிச்)

பயப்படவேண்டாம். 13ஆம் வாரம் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின் 8 வாரம் வரை அடிப்படைக் காப்புறுதி வைத்தியத்துக்கு பிரான்சீஸும் இல்லை, பங்குப் பணமும் இல்லை. வழக்கமான கர்ப்பப் பரிசோதனைகளுக்கு அதற்கு முன்பும் இல்லை. வருமானம் குறைவென்றால் பிரீமியக் குறைப்புக்கு உங்கள் கன்டோனில் (மாநிலத்தில்) விண்ணப்பியுங்கள். பல கன்டோன்களில் கேட்காதவருக்குக் கிடைக்காது.

சின்னமுத்து முதலிய மூன்று நோய்களைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியால் ஓட்டிசம் வருமா?

வராது. அப்படிச் சொன்ன கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் அதை மீளப்பெற்றுவிட்டது. 2024இல் மட்டும் உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிராந்தியத்தில் ஏறக்குறைய 1,27,000 பேருக்குச் சின்னமுத்து. இரண்டு ஊசியும் போடுங்கள்.

வீசா முடிவு வரவில்லை. ஜீ.பி.யில் பதியப் பாஸ்போட் கேட்கிறார்கள். (லூயிஷம்)

இங்கிலாந்தில் பதிவதற்குப் பாஸ்போட்டோ முகவரிச் சான்றோ வீசாவோ கட்டாயமில்லை. மறுத்தால் 14 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். கேட்டு வாங்குங்கள்.