சீஃபாக்ஸ்: டிவியில் செய்தி படித்த காலம்

இணையத்துக்கு முன்பே பிரிட்டனில் வீட்டு டிவித் திரையில் செய்தியை எழுத்தாகப் படிக்க வைத்த பிபிசியின் சீஃபாக்ஸ் சேவை பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கே: போன் லைன்கூட இல்லாமல் செய்தி டிவிக்குள் எப்படி வந்தது?

ப: படத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பழைய டிவி படத்துக்கு 625 கோடுகள். படக்குழாயின் கதிர் கீழிருந்து மேலே திரும்பும் நேரத்தில் வரும் சில கோடுகளில் படம் இருக்காது. அந்தக் காலி இடத்தில் எழுத்துகளை ஏற்றி அனுப்பினார்கள். 1974 செப்டம்பர் 23-ல் தொடக்கம்.

கே: ரிமோட்டில் 302 என்று பக்க எண்ணை அழுத்தினால் நிலையத்துக்குத் தகவல் போகுமா?

ப: போகவே போகாது. பலரும் ஏமாறும் இடம் இது. எல்லாப் பக்கங்களும் ராட்டினம் மாதிரி ஓயாமல் சுற்றி வரும். உங்கள் எண் வந்ததும் டிவி லபக்கென்று பிடித்துக்கொள்ளும். 302 கால்பந்துப் பக்கம். மேல் வரியில் எண்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முகப்புப் பக்கமான 100 போல எல்லோரும் கேட்கும் பக்கங்களை ஒரு சுற்றிலேயே பலமுறை சேர்த்துவிடுவார்கள். நீளமான விஷயம் என்றால் 1/4, 2/4 என்று தானாக மாறும். பாதி படிக்கும்போது மாறிவிட்டால்? அதற்குத்தான் ரிமோட்டில் ஹோல்டு பட்டன்.

கே: அவ்வளவு சின்ன இடத்தில் என்ன எழுத முடியும்?

ப: எனக்குப் பிடித்த கேள்வி. வரிக்கு 40 இடம், திரைக்கு 24 வரி, அதிலும் தலைப்புக்கும் மற்ற பக்க எண்களுக்கும் கொஞ்சம் போய்விடும். மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாற வேண்டுமா? அந்த நிறக் கட்டளையே ஓர் எழுத்தின் இடத்தைத் தின்றுவிடும்! அதனால் செய்தி நான்கே பத்தி. முதல் பத்தியில் விஷயம் வந்தாக வேண்டும், சுற்றி வளைக்க வழியில்லை. பிறகு வந்த பிபிசி இணையதளத்திலும் முதல் நான்கு பத்திகள் தனியாக நிற்கும்படியே எழுதினார்கள்; அதே பத்திகள்தான் சீஃபாக்ஸுக்கும் போயின. நம் ஊர் பிரேக்கிங் நியூஸ் எழுதுகிறவர்களை ஒரு மாதம் அங்கே உட்கார வைத்திருக்கலாம்.

கே: 888?

ப: சப்டைட்டில். காது கேளாதவர்களுக்குப் பெரிய உதவி.

கே: இப்போது எங்கேயாவது இருக்கிறதா?

ப: பிரிட்டனில் அனலாக் ஒளிபரப்போடு 2012 அக்டோபர் 23-ல் சீஃபாக்ஸ் நின்றது. சுவீடனில் அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்விடியின் இதே மாதிரி சேவை, எஸ்விடி டெக்ஸ்ட், இன்னும் ஓடுகிறது, இணையத்திலும் பார்க்கலாம். 377 போட்டுப் பாருங்கள், விளையாட்டு முடிவுகள் வரும். அதே கறுப்புத் திரை, அதே கட்டம் கட்டமான எழுத்து. காத்திருக்க மட்டும் தேவையில்லை.