1843 என்று அச்சிட்டிருந்தால் முதல் பதிப்புதானா?

கேள்வி: தாத்தாவின் அலமாரியில் சார்லஸ் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ கிடைத்தது. தலைப்புப் பக்கத்தில் ரோமன் எண்ணில் 1843 என்று இருக்கிறது. இது முதல் பதிப்பா? எப்படி உறுதி செய்வது?

பதில்: அந்த ஆண்டை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். இந்த நாவலை அப்படியே நகலெடுத்த பதிப்புகள் பின்னாளில் நிறைய வந்தன. பழைய தலைப்புப் பக்கத்தையும் ஆண்டோடு சேர்த்து அச்சிட்டுவிடுவார்கள்.

முதலில் படங்களைப் பாருங்கள். ஜான் லீச் வரைந்த வண்ணப் படங்கள் நான்கு இருக்க வேண்டும். அசல் பிரதியில் அவை ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வண்ணம் கோட்டைத் தாண்டி லேசாக வழிந்திருப்பதுகூடத் தெரியும். நகல் பதிப்பில் பெரும்பாலும் வண்ணம் பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகள் தெரிந்தால் அதோடு ஆராய்ச்சியை முடித்துக்கொள்ளலாம்.

புள்ளி இல்லையா? சரி, அடுத்து தலைப்புப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். பதிப்பகத்தின் பெயரும் லண்டன் முகவரியுமாக சாப்மன் அண்ட் ஹால், 186, ஸ்ட்ராண்ட் என்று இருக்க வேண்டும். ‘இரண்டாம் பதிப்பு’ போன்ற சொற்கள் இருக்கக் கூடாது. அட்டை செம்பழுப்புத் துணி, அதில் பொன் எழுத்து. தாள்களின் விளிம்பிலும் பொன்பூச்சு.

இந்தப் புத்தகத்தின் அழகே இனிமேல்தான். டிக்கன்ஸ் ஒவ்வொரு விவரத்திலும் தலையிட்டார். முதலில் தலைப்பைச் சிவப்பிலும் பச்சையிலும் அச்சிட்டு, உள்ளட்டைத் தாளையும் பச்சையாக வைத்தார்கள். பச்சை எடுபடவில்லை, தாளில் கைபட்டால் உதிர்ந்தது. அதனால் தலைப்பு சிவப்பு–நீலம் ஆனது, உள்ளட்டை மஞ்சளானது. அவசரத்தில் கையிருப்புத் தாள்களையும் கலந்து கட்டியதால், பச்சை உள்ளட்டையோடும் முதல் பதிப்புப் பிரதிகள் உண்டு. முதல் அத்தியாயத் தலைப்பில் ‘ஸ்டேவ்’ (இந்தப் புத்தகத்தில் அத்தியாயத்துக்கு டிக்கன்ஸ் வைத்த பெயர்) என்ற சொல்லுக்குப் பின் ரோமன் எண் இருந்தால் முந்திய அச்சு. ‘ஒன்’ என்று எழுத்தில் இருந்தால் பிந்தியது. 1843 டிசம்பர் 19 அன்று வெளியான 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. ஆனால் இத்தனை செலவு செய்து, விலையை 5 ஷில்லிங்கிலேயே நிறுத்தியதால், அவற்றில் டிக்கன்ஸுக்குக் கிடைத்தது சுமார் 230 பவுண்டுதான். எதிர்பார்த்ததோ 1,000.

அலமாரியில் வேறு விக்டோரியா கால நாவல்கள் இருந்தாலும் இதே போலத்தான்: புத்தகத்தின் எல்லா அடையாளங்களும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ‘ஜேன் ஐர்’ 1847இல் மூன்று தொகுதிகளாக, கரர் பெல் என்ற புனைபெயரில் வந்தது. தலைப்புப் பக்கத்தில் சார்லட் பிராண்டி என்ற உண்மைப் பெயர் இருக்கும் ஒற்றைத் தொகுதி முதல் பதிப்பு ஆகாது. டிக்கன்ஸின் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ (1859) என்றால் 213ஆம் பக்கத்துக்குப் போங்கள். முந்திய அச்சில் அது 113 என்று தவறாக இருக்கும். மாதத் தவணைகளாக வந்த நாவலைப் பிறகு சேர்த்துக் கட்டியிருந்தால், தாள்களின் உள்மடிப்பு ஓரத்தில் பழைய தையல் ஓட்டைகள் இருக்கும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். தவணையாக வாங்கிப் படித்த வாசகரின் பிரதி அது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அட்டை நைந்திருந்தாலும் புதிதாக பைண்டிங் போடாதீர்கள். உள்ளே பென்சிலில் யாராவது பெயர் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முதல் அத்தியாயத் தொடக்கம், உள்ளட்டை, நான்கு வண்ணப் படங்கள், முதுகுப் பகுதி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அரிய புத்தகங்கள் விற்கும் இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் காட்டுங்கள். முதலில் கேட்ட விலைக்கே கொடுத்துவிடாதீர்கள்.