கல் பாலத்துத் தூண்களுக்கு ஏன் கூரான மூக்கு?

செக் நாட்டின் பிராகா நகரத்துச் சார்லஸ் பாலத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, கல்லை மட்டும் வைத்து ஆற்றைக் கடந்தது எப்படி, தூண்கள் ஏன் முன்பக்கம் கூராக இருக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம் பவானி சங்கமேஸ்வரர் கோயில் மண்டபத்தில் நின்று பாருங்கள், தூண்கள் நெருக்கமாக இருக்கும். கல் தலையில் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். குறுக்கே நீள உத்தரமாகப் போட்டால் அடிப்பக்கம் விரிசல் விட்டு முறிந்துவிடும். ஆற்றுக்குள் அவ்வளவு நெருக்கமாகத் தூண் நட்டால் தண்ணீர் எப்படிப் போகும்? அதற்குத்தான் வளைவு. மரச்சாரத்தின் மேல் கற்களை அடுக்கி, உச்சிக்கல்லை இறுக்கிய பிறகு சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். மேலிருந்து வரும் பாரமே கற்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். எனக்கு இன்றைக்கும் வியப்பு தரும் வேலை இது. 1357-ல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் 16 வளைவுகள், நீளம் சுமார் 516 மீட்டர்.

சரி, மூக்கு? ஆடியில் கூடுதுறைக்கு வரும் புதுவெள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். தட்டையான முகத்தில் அது முட்டிச் சுழித்து, அடிமண்ணைத் தோண்டிவிடும். கூர்முனை தண்ணீரைப் பிளந்து இருபுறமும் அனுப்புகிறது, மிதந்து வரும் மரங்களையும் பனிக்கட்டிகளையும் ஒதுக்குகிறது. அப்படியிருந்தும், 1890-ல் பிராகாவில் வந்த வெள்ளத்தில் மரங்கள் வந்து அடைத்துக்கொண்டபோது சார்லஸ் பாலத்தின் மூன்று வளைவுகள் விழுந்தன. அப்புறம் அவற்றைத் திரும்பக் கட்டினார்கள்.