வார விடுமுறையில் 490 கிலோமீட்டர்

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு செல்போன் ஷோரூமில் நான்கு வருடமாக சேல்ஸில் இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மதுரையில் பயிற்சி. காலை 9.30க்கு அங்கே இருக்க வேண்டும் என்பதால் அதிகாலை 3 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். வகுப்பு 5.30க்கு முடியும், வீடு வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும். மறுநாள் காலை வழக்கம்போல டியூட்டி. பஸ் காசு மட்டும் தருவார்கள். இப்போது பயிற்சியை என் வார விடுமுறையிலேயே போடுகிறார்கள். கேட்டால், "ஒரு நாள்தானே, மத்தவங்க போகலையா?" என்கிறார் மேனேஜர். வர முடியாது என்று சொல்லிவிடலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

போக 245 கிலோமீட்டர், வர 245. உங்கள் மேனேஜர் "ஒரு நாள்" என்று சொல்வதை நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்: 21 மணி நேரம் வருகிறது. அதில் வகுப்பு எட்டு மணி நேரம்கூடத் தேறாது, சாப்பாட்டு இடைவேளையைக் கழித்தால். மிச்சமெல்லாம் பஸ் சீட்டும் வடசேரி, மாட்டுத்தாவணி பஸ் நிலையங்களும்தான்.

எனக்கும் இருபத்து மூன்று வயதில் இப்படி ஒரு வேலை வாய்த்தது. கோவில்பட்டியிலிருந்து திருச்சிக்குப் போய்வர வேண்டும், அன்றைக்கே. மத்தியானம் தயிர்சாதம் இறங்கியதும் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் காட்டுவார்கள் பாருங்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தால் இரண்டரை மணிக்கு எழுதிய வரி கோட்டைத் தாண்டிப் புழு மாதிரி அடுத்த பக்கம் வரை நெளிந்திருந்தது. என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. கம்பெனி அந்தப் பயிற்சிக்குச் செலவழித்த காசும் வீண்.

சரி, சட்டத்துக்கு வருவோம். கடை ஊழியர்களுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்பது பொது விதி. கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. இடைவேளையோடு சேர்த்து மொத்தமாக 12 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை இழுத்தடிக்கவும் கூடாது. வாரத்தில் ஒரு நாள் சம்பளம் பிடிக்காமல் விடுமுறை. கடையில் நிற்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் இதே சட்டத்தில்தான் சேர்த்தார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம் வேலை நேரமா? இங்கே அது வாதத்துக்குரிய விஷயம். "கண்டிப்பாக உண்டு" என்று சொல்லி உங்களைச் சண்டைக்கு அனுப்ப மாட்டேன். அமெரிக்காவில் ஒரே நாளில் வேறு ஊருக்குப் போய்வரச் சொன்னால் அந்தப் பயணத்தையும் வேலைக் கணக்கில் சேர்க்க விதி இருக்கிறது. ஆனால் வகுப்பு நேரத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. கம்பெனி கட்டாயமாக வரச் சொல்லி உட்கார வைக்கிற வகுப்பு வேலைதான். அதை விடுமுறையில் வைத்தால் மாற்று விடுமுறை தர வேண்டும். நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய கொம்பு இதுதான்.

அதனால் வர முடியாது என்று சொல்லாதீர்கள். "பயிற்சிக்குப் போக மாட்டேன் என்கிறாள்" என்று ஒரு வரியில் உங்களைக் கெட்டவளாக்கிவிடுவார்கள். வருகிறேன், இப்படி வருகிறேன் என்று சொல்லுங்கள். முந்தின நாள் மாலை கிளம்ப அனுமதியும் மதுரையில் பெண்கள் இருவர் தங்க ஒரு அறையும் வேண்டும். அது முடியாதென்றால் மறுநாள் விடுப்பு, அல்லது வகுப்பைத் திருநெல்வேலியில் வைக்கட்டும். கன்னியாகுமரி, தென்காசி, தூத்துக்குடி ஆட்கள் எல்லோருக்கும் அது பக்கம்தானே. உண்மையில் இங்கே மிச்சம் பிடிக்கப்படுவது ஒரு லாட்ஜ் வாடகை. அதை உங்கள் தூக்கத்திலிருந்து கழித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. நள்ளிரவில் வடசேரியில் இறங்கினால் வீட்டுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்காரரோ அண்ணனோ பைக்கில் காத்திருப்பார் என்று நினைக்கிறேன். 24 மணி நேரமும் கடை திறக்க அனுமதித்த அரசாணையிலேயே, இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்தால் எழுத்துப்பூர்வச் சம்மதமும் பாதுகாப்பும் வாகன வசதியும் வேண்டும் என்று இருக்கிறது. வகுப்பு 5.30க்கு முடிந்துவிட்டது என்று கம்பெனி கைகழுவலாம். இருந்தாலும் மேனேஜரிடம் கேளுங்கள், கோபப்படாமல்: "சார், பன்னிரண்டு மணிக்கு என்னை யார் வீட்டில் விடுவார்கள்?"

தனியாகக் கேட்காதீர்கள். "மத்தவங்க" என்கிறாரே, அந்த மத்தவங்களோடு பேசுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஏரியா மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், எத்தனை விடுமுறை போயிற்று என்ற விவரத்தோடு. புகார் மாதிரி வேண்டாம், கோரிக்கையாக இருக்கட்டும். பெரும்பாலும் இதிலேயே வழிக்கு வருவார்கள். வராவிட்டால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

அப்புறம், பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதியும் நேரமும் அதில்தான் இருக்கிறது. வாங்கிய கையோடு போனில் படம் எடுத்துவிடுங்கள். மெஷின் டிக்கெட்டில் இருக்கிற எழுத்து நாலு மாதத்தில் மங்கிப்போய்விடும்.