புற்றுநோய் மதிப்பெண் தரும் மலப் பரிசோதனை கிட்: வாங்கலாமா?

கேள்வி: மல மாதிரி அனுப்பினால் குடல் நுண்ணுயிரிகளையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் அலசி, புற்றுநோய் வரும் வாய்ப்புக்கு மதிப்பெண் தருவதாக விளம்பரம் வருகிறது. கூடவே அதைக் குறைக்க, நல்ல நுண்ணுயிரிகள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரையாம். வயது 51, தொந்தரவு எதுவும் இல்லை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் அவர்கள் காட்டும் அறிவியல் பொய் இல்லை, வம்பே அங்கேதான். மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது செல்களில் இருக்கும், சுமார் 22 மரபு எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ துணுக்கு. மரபணுக்கள் புரதம் செய்வதை அது அடக்கிவைக்கிறது. அதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற பாக்டீரியா பெருங்குடல் கட்டிகளில் அதிகம் இருப்பது 2012இல் தெரிந்தது. அது மைக்ரோ ஆர்.என்.ஏ-21 என்ற துணுக்கின் அளவைக் கூட்டி, புற்றுக்கட்டி வளர உதவுவதையும், வேறு சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் குறைத்துக் கட்டியைக் கீமோவுக்கு மசியாமல் செய்வதையும் 2017 ஆய்வுகள் காட்டின.

இதெல்லாம் நோயாளிகளின் கட்டிகளிலும் ஆய்வக செல்களிலும் எலிகளிலும் பார்த்தது. நலமாக இருப்பவருக்கு மதிப்பெண் போட அது போதாது. அந்தப் பாக்டீரியா ஆரோக்கியமானவர்கள் வாயிலும் சாதாரணமாக இருக்கும். குடல் நுண்ணுயிரிக் கூட்டமோ சாப்பாட்டுக்கும் ஆண்டிபயாடிக்குக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: மதிப்பெண் அதிகம் வந்தால் அடுத்து என்ன? கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி என்பார். உங்கள் வயதில் பெருங்குடல் பரிசோதனை எப்படியும் செய்துகொள்ள வேண்டியதுதானே! குறைவாக வந்தால்தான் எனக்குக் கவலை, அதை நம்பி நீங்கள் சும்மா இருந்துவிடுவீர்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் 'ஃபிட்' பரிசோதனை எளிது, ஆதாரமும் உள்ளது. மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

மாத்திரை? எந்தப் புரோபயாடிக்கும் புற்றுநோயைத் தடுப்பதாக நிரூபணமாகவில்லை. ஆண்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குச் சொந்த நுண்ணுயிரிகள் திரும்புவது தாமதமானதாக 2018இல் ஓர் ஆய்வு சொன்னது.

கேள்வி: அப்படியானால் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவுக்கான பரிசோதனையும் வீண்தானா?

பதில்: இல்லை, அது வேறு கதை. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அதை 1994லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திவிட்டது. மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் தெரிந்தால் மருந்து கொடுத்து ஒழிக்கலாம். இரைப்பைப் புற்றுநோய் வாய்ப்பும் குறையும். அல்சர் இருந்தவர்களும், குடும்பத்தில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம். ஒமிப்ரசோல் மாதிரி அமில மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்தலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரக்கூடும்.